அம்புக்குறி கீழே காட்டியது

எங்கள் வீட்டில் ரிப்போர்ட் படிப்பது என் வேலை. கணவருக்குச் சர்க்கரை குறைந்தால் உடனே இனிப்பு கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் என் தைராய்டு ரிப்போர்ட்டையும் படித்தேன். டி.எஸ்.எச். என்ற இடத்தில் அம்புக்குறி கீழே காட்டியது. தைராய்டு குறைந்துவிட்டது என்று நானே முடிவு செய்து, ஏற்கெனவே போட்டுவந்த தைராய்டு மாத்திரையோடு தினமும் அரை மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

சில வாரங்களில் கை நடுங்கியது, தூக்கம் போனது. மாத்திரை இன்னும் போதவில்லையோ என்று குழம்பினேன். ஒருநாள் கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. ஜனவரிக் குளிரில் வேர்த்துக் கொட்டியது. கூட வந்த பக்கத்து ஃப்ளாட் வங்காளிப் பெண், நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுபவர், ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது இல்லை, மூளை அனுப்புவது. மொட்டைமாடித் தொட்டி காலியானால் என்ன செய்வீர்கள்?" என்று, நான் ரிப்போர்ட்டையும் கூட்டிய அரை மாத்திரையையும் சொன்னதும் டாக்டர் கேட்டார்.

"மோட்டார் போடச் சொல்லி வாட்ச்மேனிடம் கத்துவோம்."

"நிறைந்திருந்தால்?"

"யார் கத்துவார்கள்?"

"டி.எஸ்.எச். அந்தக் கத்தல்தான். ஹார்மோன் நிறைந்திருந்ததால் மூளை சும்மா இருந்தது. நீங்கள் மறுபடி மோட்டார் போட்டிருக்கிறீர்கள். இதயம் தாங்குமா?"

மாத்திரையைக் குறைத்தார். அங்கே புரிந்த மாதிரிதான் இருந்தது. வீட்டில் கணவருக்கு விளக்கும்போது பாதியில் எனக்கே குழம்பிவிட்டது.

இப்போதெல்லாம் டாக்டரைக் கேட்காமல் மாத்திரை அளவில் கை வைப்பதில்லை. போன வாரம் வந்த ரிப்போர்ட்டில் அம்புக்குறியே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்றும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.