ஊர்வலத்தின் வால்

என் வீட்டுக்காரர் தையல்காரர். நான் வேலை பார்க்கும் பிஸ்கட் கம்பெனிச் சங்கத்துக்கு அவர் சகபயணி. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவரும் சகபயணிதான். ஆனால் சங்கத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால், மனசு நம் பக்கம், ஆள் சங்கத்தில் இல்லை என்று அர்த்தம். கொடி தைத்துக் கொடுப்பார், கூட்டத்தில் கைதட்டுவார், ஊர்வலத்தில் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாக வருவார். சகபயணிகள் வாலில்தான் நடக்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். கம்பெனி வாசல் கண்ணில் பட்டதும் ஆள் நைசாகக் கழன்றுகொள்வார். என் அகராதியில் அதற்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். மனுஷன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரிப்பார்.

போன மாதம் என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். பாக்கெட் போடும் பிரிவில் பிள்ளைத்தாச்சி ஒருத்திக்கு உட்கார முக்காலி கேட்டதுதான் குற்றம். என் வாய் சும்மா இருக்குமா! எனக்காகச் சங்கம் ஊர்வலம் கிளம்பியது. நான் முதல் வரிசையில், அவர் வழக்கம்போல் வாலில்.

வாசலை நெருங்கும் நேரத்தில் யாரோ கத்தினார்கள்.

"மேனேஜர் பின்வாசல் வழியா கிளம்புறாருப்பா!"

பின்வாசல் நாங்கள் கடந்து வந்த சந்தின் தொடக்கத்தில் இருந்தது. "அப்படியே திரும்புங்க!" என்றார் சங்கச் செயலாளர். குறுகிய சந்து, நின்ற இடத்திலேயே அத்தனை பேரும் திரும்பினோம். வால் தலையாகிவிட்டது. கழன்றுகொள்ள நேரம் வாய்க்காத என் புருஷன், கேனும் கையுமாக, எல்லோருக்கும் முன்னால்!

நான் பின்னாலிருந்து எம்பி எம்பிப் பார்த்தேன். 'ஐயையோ, இந்த ஆள் ஒதுங்கி வழி விட்டுடுவாரே, என் வேலை அவ்வளவுதான்' என்று தலையில் அடித்துக்கொண்டேன். கார் வந்து நின்றது. மேனேஜர் தலையை நீட்டினார்.

"எந்த செக்‌ஷன்யா நீ? விலகலேன்னா நாளையிலிருந்து உனக்கு வேலை கிடையாது!"

"நான் உங்க ஆளே இல்லைங்க. இல்லாத வேலையை எப்படிங்க பிடுங்குவீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. காரை நகர்த்த வழியில்லாமல் இறங்கினார், பேசினார், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். முக்காலியும் தருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

"ஏங்க, உங்களுக்கு இவ்வளவு தைரியம் எங்கேருந்து வந்துச்சு?"

"தைரியமாவது ஒண்ணாவது! ஓடத்தான்டி பார்த்தேன். அந்த ஆளுகிட்டேருந்து ஓடித் தப்பிச்சிடலாம். உங்கிட்டேருந்து எங்க ஓடுறது?"