காம்பு காயும் வரை

கனடாவுக்குப் போகும்போது என் மனைவி வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தோட்டத்தைத்தான் என்னிடம் ஒப்படைத்தாள். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாகப் போகிறவள், பயணப்படும் கிழமையில்கூடக் கிணற்றடியில் குந்தியிருந்து பூசணி விதை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"இது முத்திறதுக்கு முந்தி வந்திடுவன். நானே வந்து ஆயிறன். நீங்கள் கை வையாதேங்கோ" என்றாள்.

மற்றக் காய்களைச் செடியிலிருந்து ஆய்வது என் தலையில் விழுந்தது. சுன்னாகம் சந்தையில் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் பேச்சு வாங்கியே வயது போனவன் நான். ஆகவே தொலைபேசியில் பாடம் நடந்தது. வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க வேண்டும். டக்கென்று ஒடிந்தால் சரி, வளைந்தால் முற்றிவிட்டது. பயித்தங்காயை உள்ளே விதை புடைக்கும் முன்னரே ஆய்ந்துவிட வேண்டும். கத்தரிக்காய் மினுக்கம் மங்கும்வரை காத்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் எல்லாவற்றிலும் கோட்டை விட்டேன். வெண்டிக்காய்க் குழம்பை மென்று தாடை நொந்ததுதான் மிச்சம்.

"உந்தக் காயை மாட்டுக்குப் போட்டாலும் அது உங்களைத்தான் பேசும்" என்றாள்.

பிறகு நன்றாகவே படித்துக்கொண்டேன். ஆனால் என்ன பிரயோசனம்? ஒரு ஆளுக்கு எத்தனை கத்தரிக்காய் வேண்டும்? காலையில் சமைத்ததையே இரவும் சாப்பிட்டேன். மிஞ்சிய காய்களைப் பக்கத்து வீட்டு மதிலில் வைத்தேன். அந்த வீட்டுப் பெண், "மாமா, எங்கடை வளவிலையும் காய்க்குது" என்று சிரித்துக்கொண்டே சொன்ன பிறகு அதையும் விட்டேன். குசினியில் ஒரேயொரு கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கும்போது வரும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. தனிமையாக இருந்தது. அதற்கு வேறு அலங்காரமான சொல் தேட எனக்கு விருப்பமில்லை.

பூசணிக் கொடியில் ஒரு பிஞ்சுதான் தங்கியது. வீடியோவில் காட்டச் சொன்னாள். இந்தா என்று சுட்டுவிரலை நீட்டினேன்.

"ஐயோ, விரலை மடக்குங்கோ" என்று பதறினாள்.

பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அது அழுகி விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைகளுக்கும் தெரியும். விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். முற்றிய காய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல நான். இருந்தாலும் மடக்கினேன்.

பேரன் பிறந்தான். மகள் வேலைக்குத் திரும்பினாள். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று விசாவை நீட்டினார்கள். மனைவி அடுத்த மாதம் என்றாள், பிறகு குளிர் முடியட்டும் என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கோபம் வந்தது. அதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வாளியைப் போட்டு உடைத்தேன்.

பூசணி முற்றினால் காம்பு காயும். ஒவ்வொரு நாளும் கடைசியாக அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"காம்பு காஞ்சிட்டுதே?"

"இல்லை, பச்சையாத்தான் கிடக்கு."

முதலில் அது உண்மையாகத்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அவசரப்படாமல் ஆறுதலாக முற்று என்று அந்தக் காயிடம் கெஞ்சியிருக்கிறேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை. தோல் மங்கி மஞ்சளித்தது. நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை. காம்பு காய்ந்து தக்கை போலாயிற்று. அதன் பிறகும் பச்சை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். முற்றிவிட்டது என்று சொன்னால், அவள் சொன்ன தவணையும் முடிந்துவிட்டது என்றாகிவிடும். அதன் பிறகு எதைச் சொல்லிக் காத்திருப்பது?

ஒருநாள் காலை அவளே, "காட்டுங்கோ பாப்பம்" என்றாள். அங்கே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. "அம்மா, பாலைக் கொஞ்சம் சூடாக்குங்கோ" என்று மகளின் குரல் கேட்டது. நான் கிணற்றடிக்குப் போய்த் தொலைபேசியைக் காய்க்குக் கிட்டே பிடித்தேன். மறைத்துக் களைத்துவிட்டேன். சுட்டுவிரலை நன்றாக நீட்டிக் காம்பைக் காட்டினேன்.

"இஞ்சை பாரும், காஞ்சு போச்சு. நீர் எப்ப வாறீர்?"

அந்தக் கேள்வியை அவளிடம் நேரே கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து காயைப் பார்த்தாள். காய் பார்ப்பதில் ஒருநாளும் பிழைவிட்டவள் அல்ல அவள்.

"விரலை மடக்குங்கோ" என்றாள். "அது இன்னும் பிஞ்சுதானே."

நான் விரலை மடக்கிக்கொண்டேன்.