ஆக்காட்டிக்கு வைத்த சோறு

எனக்கு விவசாயம் தெரியாது என்பது என்னைத் தவிர எங்கள் ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரியும். தெற்கிலிருந்து வேலைக்காக இந்தக் கடலோரம் வந்தவன் நான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கும் உத்தியோகம். சதுரங்கப்பட்டினத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் பெண் எடுத்தேன். பெண்ணோடு சேர்ந்து ஏரிக்குக் கீழே அறுபது சென்ட் புன்செய்க் கொல்லையும் வந்தது. வந்ததைச் சும்மா விடக் கூடாது என்று தலைக்குத் தொப்பியும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு முதல் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றபோது, ட்ராக்டர் மேலிருந்த என் மனைவியின் தம்பி சொன்னது இது:

"இன்னா மாமா, மேட்ச் ஆட வந்தியா?"

மச்சான் அப்படித்தான். சொந்தமாக ட்ராக்டர் வைத்திருக்கிறான். சுற்றுவட்டாரத்தில் யார் கொல்லையானாலும் அவன்தான் உழுவான். என் கொல்லையையும் அவன்தான் உழுகிறான், விதைக்கிறான், பார்த்துக்கொள்கிறான். நான் வரப்பில் நின்று மேற்பார்வை செய்கிறேன். மேற்பார்வை என்றால் அவன் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலுக்குக் காவல்.

இந்த வருடம் போட்ட மல்லாட்டையில் பாதியைக் காட்டுப்பன்றிகள் தின்றன. வேர்க்கடலையை இங்கே மல்லாட்டை என்பார்கள். காய் பிடித்திருக்கிறதா என்று மனிதன் பிடுங்கிப் பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே பன்றிக்குத் தெரிந்துவிடுகிறது. நாங்களும் சும்மா இருக்கவில்லை. என் மனைவியின் பழைய புடவைகளைக் கொல்லையைச் சுற்றிக் கட்டினோம். பன்றிகள் ஒரு வாரம் பயந்தன. அதன்பிறகு அந்தப் புடவைகளிலேயே முதுகு சொறிந்துகொண்டன. மனித முடியைத் தூவினால் மூக்கில் ஏறி ஓடிவிடும் என்றார்கள். சாக்கோடு சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு சலூனுக்குப் போய் வெட்டிய முடி கேட்டேன். கடைக்காரர் என் வழுக்கைத் தலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், இத ஒட்டவெக்க முடியாது" என்றார். பன்றிக்கு என்றேன். அவர் இன்னும் குழம்பிப் போனார்.

பத்து வருடம் முன்பு இங்கே பன்றியைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் எங்கே என்று கேட்பார்கள். இப்போது எத்தனை என்று கேட்கிறார்கள். முன்பு செங்கல்பட்டுப் பக்கத்துக் குன்றுகளில், முள்காட்டுக்குள் இருந்தவை. ரோட்டோரமெல்லாம் மனை போட்டார்கள். மனை வாங்கியவர்கள் வீடு கட்டவில்லை. வேலிக்காத்தான் முள் வளர்ந்தது. அந்த நிழலுக்குள் பன்றிகள் குடிவந்தன. ஓட்டல்கள் கொட்டும் மிச்ச பிரியாணி, ஏரியில் சேறு, குட்டி போட மறைவு. நரி என்று ஒன்று இருந்தால் ஒன்றிரண்டு குட்டிகளையாவது தூக்கிப் போயிருக்கும். நரியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, கடற்கரைச் சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் குழிகுழியாகக் கிடக்கிறது என்றார். "ஆம முட்டைய முன்ன நாய் தான் தோண்டும். இப்ப பன்னியும் சேந்துகிச்சு. இன்னாத்த வுட்டு வெக்கிது அது?"

எதையும் விட்டுவைக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஏரிக்கரையில் நடந்தால் காலடியிலிருந்து காடை விர்ரென்று கிளம்பும். நான் பயந்து மனைவியின் கையைப் பிடிப்பேன். அவளும் அந்தக் காலத்தில் பிடிக்க விட்டாள். கவுதாரி சத்தம் கேட்கும். ஒருமுறை முயல் ஒன்று என் பைக்கைத் துரத்தியது என்று நான் சொல்வேன். அது வேறெங்கோ ஓடியது என்று மச்சான் சொல்வான். இப்போது கரையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தாலும் காலடியில் எதுவும் கிளம்புவதில்லை. தரையில் முட்டை வைக்கிற எதுவும் பன்றி இருக்கிற இடத்தில் தங்காது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

கோடை மழை ஒன்று பெய்த மறுநாள் மச்சான் உழ வந்தான். நான் கொல்லையின் நடுவே கம்பீரமாக நடந்துகொண்டிருந்தேன். ட்ராக்டர் சட்டென்று நின்றது.

"மாமா, அங்கியே நில்லு! கால எடுத்து வெக்காத. முட்ட கீது."

"எங்கடா?"

"உன் ஷூவுக்கு முன்னால தான் கீது. அந்தக் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரு."

கழற்றினேன். ஆட்டுப் புழுக்கை என்று நான் நினைத்திருந்த இடத்தில் நான்கு முட்டைகள். மண் நிறம், மேலே பேனா உதறிய மாதிரி கறுப்புத் தெறிப்பு. கூர்முனைகள் நான்கும் உள்பக்கம் பார்த்துச் சேர்ந்திருந்தன. சுற்றிச் சின்னச் சின்னக் கற்கள். கூடு என்று சொல்ல வேறு எதுவும் இல்லை. தலைக்கு மேல் ஆக்காட்டி ஜோடி கத்திக்கொண்டு என் தொப்பியைக் குறிவைத்துப் பாய்ந்தது. ஆள்காட்டிக் குருவியை இங்கே ஆக்காட்டி என்பார்கள். மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல், ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டுகிற தொண்டை.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உழும் நேரத்தில் ஆக்காட்டி முட்டை வைத்திருந்தால், அதைச் சுற்றி ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண்ணை உழாமல் விட்டுவிடுவார்கள். ட்ராக்டர் வளைந்து போகும். யாரும் அதைப் புண்ணியம் என்று சொல்லிக் கேட்டதில்லை. ஏன் என்று மச்சானைக் கேட்டேன். "அது உக்காந்துகினு கீது இல்ல, எப்டி ஓட்டறது?" என்றான். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை.

வட்டத்தை விட்டு மீதியை உழுது முடித்து இறங்கி வந்தவன், துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொன்னான்.

"முன்னெல்லாம் ஒரு கொல்லைக்கு ரெண்டு மூணு வட்டம் வுடணும் மாமா. வண்டிய வளைச்சி வளைச்சி ஒரே பேஜாரு. இந்த வருசம் ஏரி சுத்தி மொத்தம் நான் தான் ஓட்டனேன். இது ஒண்ணு தான்."

"ஒண்ணுதானா?"

"இது ஒண்ணு தான்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. மல்லாட்டை போனால் அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம். இந்த நான்கும் பொரித்தால்தான் இந்த ஏரியில் ஆக்காட்டி என்று ஒன்று இருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாகக் கொல்லையில் எனக்கென்று ஒரு வேலை கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

தினமும் ஆபீஸ் போகும் வழியில் காலை ஆறரைக்குப் போய்ப் பார்ப்பேன். கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. தாய்ப்பறவை ஏரிக்குள் மிஞ்சியிருந்த குட்டையில் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டை மேல் உட்காரும். அதைக் கண்டதிலிருந்து எனக்கு மனது கேட்கவில்லை. வீட்டில் சொன்னேன்.

என் மனைவி தினமும் காலையில் மாடிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைக்காமல் வாயில் எதையும் போடமாட்டாள். அவளும் உருகிவிட்டாள். "பாவம், நாள் பூரா உக்காந்துகினு கீது, எப்போ துன்றது அது? புள்ளத்தாச்சி மாதிரி தான. காக்காக்கு வெக்கற கையோட ஒரு உருண்ட எடுத்துத் தரேன், போற வழியில வெச்சிட்டுப் போ."

அப்படித்தான் ஆரம்பித்தது. பூவரச இலையில் ஓர் உருண்டை பருப்புச் சோறு. முட்டைக்கு நாலடி தள்ளி வைப்பேன். மறுநாள் காலையில் இலை காலியாக இருக்கும்.

"சாப்ட்டுச்சா?"

"ஒரு பருக்கை மிச்சமில்லை."

மனைவி முகத்தில் அப்படி ஒரு நிறைவு. என் சாப்பாட்டு விஷயத்தில் அவள் அவ்வளவு அக்கறை காட்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அடுத்த நாள் இரண்டு உருண்டை. சனிக்கிழமை நெய் விட்டாள். ஒருநாள் இலையைத் தள்ளி இழுத்துப் போட்டிருந்தது. "நேத்து காரம் ஜாஸ்தியா போச்சோ?" என்று கவலைப்பட்டாள். அதற்காக மறுநாள் வேகவைத்த மல்லாட்டை கொடுத்து அனுப்பினாள். பறவை என்னைப் பார்த்துக் கத்தியதெல்லாம் நன்றி சொல்கிறது என்றே எடுத்துக்கொண்டேன். மச்சானிடம் மட்டும் மூச்சு விடவில்லை. குஞ்சுகளோடு அவன் முன்னால் நின்று, மாமாவுக்கும் ஏதோ தெரியும் என்று காட்ட வேண்டும் என்ற ஆசை.

பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, பைக்கை நிறுத்தியதும் ஏதோ குறைவாக இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. இறங்கி நடந்தேன். உழுத மண் அப்படியே இருந்தது. உழாமல் விட்ட வட்டம் மட்டும் முழங்கால் ஆழத்துக்குக் குடைந்து, புரட்டி, புழுதியாகக் கிடந்தது. ஓடு ஒரு துண்டு கிடைத்தது, நகத்தளவு. ஜோடி கரை மேல் நின்றிருந்தது. என்னைப் பார்த்தும் கத்தவில்லை.

மச்சானுக்குப் போன் செய்தேன். வந்தான். குந்திப் பார்த்தான்.

"பன்னி தான். ஒரு பத்து உருப்படி கீது." கால் தடங்களை விரலால் தொட்டுக்கொண்டே போனான். முள்புதரிலிருந்து ஒரே கோடாக வட்டத்துக்கு வந்திருந்தன. "நேரா வந்துருக்குது மாமா. நடுவுல எங்கியும் மோந்துகூட பாக்கல. இன்னாத்துக்கு இவ்ளோ நேரா வருது?"

மண்ணிலிருந்து எதையோ இழுத்தான். பூவரச இலை. அதில் இரண்டு பருக்கை ஒட்டியிருந்தது.

"இத யாரு வெச்சது?"

நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

"மாமா."

"நான்தான்."

"பன்னிக்கா?"

"ஆக்காட்டிக்கு."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவன் இலையைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான்: "அது பூச்சி துன்றது மாமா. சோறு துன்னாது."

டீக்கடையில் ஒரு மாதம் ஓடக்கூடிய கதை. என்னைப் பற்றி இதைவிடச் சின்ன விஷயங்களை வைத்து அவன் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறான். இதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் எல்லோரும் வழக்கம் போல என்னைக் கலாய்த்தபோது, அவன் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் மனைவி உருண்டையோடு வந்தாள். வேண்டாம் என்றேன். "பொரிச்சிடுச்சா?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள். "பன்னி" என்றேன். மீதியையும் சொன்னேன். அவள் உருண்டையை மாடிச் சுவரில் வைத்தாள். காக்காயைக் கூப்பிடாமலே இறங்கி வந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸில் இருக்கும்போது மச்சான் போன் செய்தான். ட்ராக்டர் இரைச்சலுக்கு மேல் கத்தினான்.

"மாமா, ஜோடி திரும்ப வெச்சிருக்குது! ஏரிக்குள்ள, நடு மேட்டு மேல. மூணு."

எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார்.

இந்த முறை நான் அந்தப் பக்கமே போகவில்லை. என் வாசனைகூடப் போகக் கூடாது என்று ஏரிக்கரை வழியை விட்டு, திருக்கழுக்குன்றம் ரோட்டில் சுற்றி ஆபீஸ் போனேன். டிபன் பாக்ஸை ஆபீஸிலேயே இரண்டு தரம் கழுவி எடுத்து வருவேன். மச்சான்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் கரையில் வண்டியை நிறுத்தி, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சொல்வான். "உக்காந்துகினு கீது." அவ்வளவுதான் செய்தி. அந்த இரண்டு சொல்லுக்காக நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இருபது நாள் தாண்டிவிட்டது, பொரிக்க இன்னும் ஒரு வாரம்தான் என்று மனைவி காலண்டரில் விரல் வைத்துக் காட்டினாள்.

அன்று போன் வந்தபோது இரைச்சல் இல்லை. வண்டியை அணைத்திருந்தான்.

"மாமா."

"பன்னியா?"

"மேட்டையே காணோம். பூரா பொரட்டிட்டுப் போயிருக்குது. குட்டிங்களோட வந்துருக்கும் போல, சின்னச் சின்ன காலா கீது." அப்புறம் கேட்டான், "நீ போவல இல்ல?"

"போகலை."

"அப்போ உன் மேல தப்பு இல்ல மாமா. மொத வாட்டியும் உன்னால இல்ல. நீ சோறு வெக்காட்டியும் அது வந்துருக்கும். சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்காத."

ஆறுதலாகத்தான் சொன்னான். அத்தனை நாளும் எல்லாம் என் மடத்தனத்தால் வந்தது என்று இருந்தேன். மடத்தனம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த கோடையில் நான் ஒழுங்காக இருந்தால் அவையும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் இருபது நாளும் ரோட்டைச் சுற்றிப் போனேன். அதையும் மச்சான் என் கையிலிருந்து வாங்கிவிட்டான், பாவம், நல்லது செய்வதாக நினைத்து.

"ஜோடி எங்கடா?" என்றேன்.

"தெரில. நான் வந்து அர மணி நேரம் ஆவுது. கரைல இல்ல, மேலயும் இல்ல."

"சரியாப் பாரு மச்சான்."

"பாத்துகினு தான் கீறேன் மாமா."

போனை வைக்க அவனுக்கும் மனமில்லை போலிருந்தது. நானும் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஏதாவது ஒன்று கத்துமா என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.