மாஸ்டர் பாதி பார்த்த படம்

செவ்வாய்க்கிழமை பகலில் பாகூர் கடைத்தெருவில் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. முந்தின நாள் அவர் ஒரு படத்தைப் பாதி பார்த்து நிறுத்திவிட்டு, அதைத் திட்டி எனக்கு ஒரு பதிவு அனுப்பியிருந்தார். அதைப் பற்றிய மீதித் திட்டுதான் வந்திருக்கிறது என்று நினைத்து, சிரிக்கத் தயாராகவே அதைத் தொட்டேன். பேசியது அவருடைய மனைவி பிலோமினா அண்ணி. "சார், மாஸ்டரு போய்ட்டாரு சார். சாப்ட்டு படுத்தவரு எந்திரிக்கல. வூட்டுக்கு வாங்க" என்று மட்டும் இருந்தது. காற்று அடிக்கிற தம்பி, "போதுமா சார்?" என்று கேட்டான். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

மரியசூசை மாஸ்டரை இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். பாகூர் பக்கத்துப் பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியர், நான் கணக்கு. அதனால் கடைசிவரை எனக்குப் பெயர் 'கணக்கு'தான். ஓய்வு பெற்றதும் அவர் வில்லியனூருக்குப் பக்கத்தில் தன் சொந்த ஊருக்கே போய் மாடு வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் ஏம்பலத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயில் பூசை முடித்து வருவதற்கும் நான் போய்ச் சேர்வதற்கும் சரியாக இருக்கும். மீன் குழம்பு, அப்புறம் ஒரு படம். இதுதான் எங்கள் ஓய்வுக்காலம்.

அந்த வீட்டில் படம் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மைதானத்தில் அவர் கழுத்தில் தொங்கிய அதே விசில், டிவிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். படம் பொய் சொல்கிற இடத்தில் மாஸ்டர் அதை எடுத்து ஊதுவார். உடனே படத்தை நிறுத்திவிட வேண்டும். அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் வாயைத் திறந்து கருத்துச் சொன்ன பிறகுதான் படம் மறுபடி ஓடும். முதல் முறை போனபோது எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு பழகிவிட்டது. கொட்டகையில் கட்டியிருந்த மாடுகளுக்கே பழகிவிட்டது. "தியேட்டர்ல அவன் காட்றத நாம வாய மூடிக்கினு பாக்கணும். வூட்டுக்கு வந்துட்டான் இல்ல, இப்ப நாம சொல்றத அவன் கேக்கட்டும்" என்பார் மாஸ்டர்.

கருத்துச் சொல்லும்போது ஒரு வார்த்தைக்கு மட்டும் தடை. ஒரு ஞாயிறு, ஏதோ ஒரு காதல் படம். கதாநாயகன் அந்தப் பெண்ணின் பின்னால் தெருத்தெருவாக அலைகிறான், அவள் திட்டுகிறாள், இவன் சிரிக்கிறான், பாட்டு முடிவதற்குள் அவளும் சிரித்துவிடுகிறாள். விசில். எனக்கோ வயிறு நிறைந்து தூக்கம் சொக்கியது. "பரவாயில்ல மாஸ்டர், ஓடட்டும்" என்றேன். வந்ததே கோபம்! "பரவால்லன்றது ஒரு கருத்தாயா? காலையில நல்லவாடு குப்பம் வரைக்கும் போய் மீன் வாங்கியாந்தன். மீனு எப்படி இருக்குதுன்னு கேட்டா பரவால்லன்னுவியா? ஒண்ணு நல்லா இருக்குது, இல்ல நாறுது. நடுவுல இன்னா இருக்குது?" என்று பிடித்துக்கொண்டார். அண்ணி சமையலறையிலிருந்து, "வேண்டாத பொண்ணு பின்னாடி வந்தா தொடப்பம்தான் பிஞ்சிருக்கும். எழுதிக்கோங்க என் கருத்த" என்றார். நான் நாறுது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் படம் நகர்ந்தது.

அவர் அதிகமாக விசில் ஊதியது நம் ஊரைக் காட்டும் படங்களுக்குத்தான். உங்களுக்கும் அந்த எரிச்சல் இருக்கும். பாண்டிச்சேரி என்று எழுத்துப் போட்டால் அடுத்த காட்சியில் பாட்டில் வந்தாக வேண்டும். நாலு நண்பர்கள் காரில் வருகிறார்கள், குடிக்கிறார்கள், கடற்கரையில் வாந்தி எடுக்கிறார்கள், போகிறார்கள். "இவனுங்க வாந்தி எடுக்கறதுக்கா நாம ஊர வச்சினு இருக்கறோம்? ஏரி கண்ணுக்குத் தெரியல, நெல்லு தெரியல, கரும்பு தெரியல. பாட்டிலு மட்டும் தெரியுது" என்று கத்துவார். நம் பேச்சுக்கு நடப்பது இதைவிடக் கேவலம். ஒருவன் 'இன்னா' என்று வாயைத் திறந்தால் அவன் கத்தி எடுப்பான், இல்லையென்றால் அடிவாங்கிச் சிரிப்பு மூட்டுவான். நல்லவன் ஒருவன்கூட அப்படிப் பேசமாட்டான். மாஸ்டர் அதற்கு விசில்கூட ஊதமாட்டார். அண்ணியைப் பார்த்துக் கேட்பார். "ஏம்மா, நானு இந்தப் பேச்சுலதான உங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டன்? கத்தியா வச்சினு இருந்தன்?" அண்ணி, "கத்தி இல்ல, விசிலு இருந்திச்சு" என்பார்.

ரத்தப் படங்கள் வரத் தொடங்கிய பிறகு அவருக்கு உண்மையிலேயே குமட்ட ஆரம்பித்தது. தலையைச் சீவுகிறான், பின்னால் பறை அடிக்கிறார்கள், தியேட்டரில் கைதட்டினார்கள் என்று செய்தியும் வருகிறது. ஒரு நாள் அப்படி ஒரு படத்தை நடுவில் அணைத்துவிட்டு எழுந்துபோய்க் கொல்லையில் முகம் கழுவினார். "விளையாட்டுல ஒருத்தனுக்கு முட்டி தேஞ்சாலே நானு ஆட்டத்த நிறுத்திடுவன்யா. இவ்ளோ பேர வெட்றான், ஒருத்தன் வந்து நிறுத்தல" என்றார். அன்றைக்கு வேறு படம் போடவில்லை. எனக்கும் அந்த ரத்த நாற்றம் வெகுநேரம் விடவில்லை.

எல்லாவற்றையும் துப்பினார் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் தெரியாத ஒரு படத்தில், ஒரு அம்மாள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான் காட்சி. மாஸ்டர் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். "பாத்தியா கணக்கு, இதுதான்யா மனுசி" என்றார். அந்தப் படத்தின் மற்றதெல்லாம் குப்பை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நாம் என்ன செய்தோம்? அடக்கத்தன்று தெருமுனையில் ஒரு பேனர். அதில் மாஸ்டருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பின்னால் ஒரு சிங்கத்தையும் நிற்க வைத்திருந்தார்கள். 'சரித்திரம் சாய்ந்தது' என்று எழுத்து வேறு. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாகியிருக்கும். துக்கம் கேட்க வந்தவர்களோ ஆளுக்கு ஆள், "படுக்கையில கிடக்காம போனாரு, பரவாயில்ல, நல்ல சாவு" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத்தான் முடிந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்தோம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பெலிக்ஸ், டிவியைக் கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்து வைத்தான். "அப்பாவுக்காக ஒரு வீடியோ செஞ்சிருக்கன். எல்லாரும் பாக்கணும்" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு மாதமாக அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

வயலின் அழ ஆரம்பித்தது. வானத்திலிருந்து ஏரி தெரிந்தது. பிறகு மாஸ்டர் வந்தார், ஏஐ என்கிறார்களே, அதில் செய்த மாஸ்டர். வெள்ளை ஜிப்பா, கறுத்த முடி. கைப்பந்து ஆட்டத்தில் போன முன்பல்லுக்கு அவர் கடைசிவரை பல் கட்டிக்கொள்ளவில்லை. இந்த மாஸ்டருக்கு வாய் நிறையப் பல். மேகத்துக்கு நடுவில் நின்று அவர் பேசத் தொடங்கினார். அவர் குரலேதான், அண்ணியின் போனில் இருந்த பதிவுகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆனால் பேச்சு? "அன்பு மனைவியே, நான் உன்னை விட்டு எங்கும் செல்லவில்லை. அன்பு மகனே, உன்னை நினைத்து நான் பெருமை கொள்கிறேன்." பந்தலில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். வாழ்நாள் முழுக்க எதைப் பார்த்துத் துப்பினாரோ அதையே அவர் வாய்க்குள் திணித்துவிட்டார்களே என்று எழுந்து போகப் பார்த்தேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது.

பந்தலே திரும்பிப் பார்த்தது. அண்ணி வாசற்படியில் நின்றிருந்தார், வாயில் விசிலோடு. "நிறுத்துடா" என்றார். பெலிக்ஸ் நிறுத்தினான். திரையில் அந்த ஆள் அத்தனை பல்லையும் காட்டியபடி உறைந்து நின்றார். "சொல்லுங்க. ஒவ்வொருத்தரா சொல்லுங்க, எப்படி இருக்குது?" என்று அண்ணி கேட்டார். அண்ணியின் அண்ணன் மெதுவாக, "பரவால்லம்மா, புள்ள ஆசையா செஞ்சது" என்று இழுத்தார்.

"பரவால்லன்னு இந்த வூட்ல சொல்லக்கூடாது. கணக்கு சார், நீங்க சொல்லுங்க."

பெலிக்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் ஆணியில் விசில் இல்லை, அண்ணி கையில் இருந்தது. "நாறுது அண்ணி. இது மாஸ்டரே இல்ல" என்றேன்.

பெலிக்ஸ் உடைந்துபோனான். "எனக்குத் தெரியாதா அங்கிள்? அவரு பேசனதெல்லாம் நானே எழுதினதுதான். நான் ஓட்டப் பந்தயத்துல கப்பு வாங்கியாந்தப்போ, இன்னும் கொஞ்சம் கால எட்டிப் போட்டிருக்கலாம்னாரு. வேல கெடச்சிச்சுன்னேன், சாப்டியான்னாரு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவரு வாயால கேக்கணும்னு இருந்திச்சு. அது தப்பா?" என்றான். அவனுக்கான பதில் என் போனில்தான் இருந்தது.

சாவுக்கு முந்தின நாள் மாஸ்டர் அனுப்பிய அந்தப் பதிவை நான் அதன் பிறகு திறக்கவே இல்லை. அன்றைக்குப் பந்தலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். பின்னால் மாடு கத்துகிறது, நடுவில் ஒரு இருமல், அப்புறம் அவர்.

"யோவ் கணக்கு. ஒரு படம் பாத்துக்கினு இருக்கன், சகிக்கல. அப்பங்காரன் ஆஸ்பத்திரி பெட்டுல படுத்துக்கினு புள்ள கையப் புடிச்சினு பேசறான் பேசறான், பேசிக்கினே இருக்கறான். உன்ன நெனச்சா பெருமையா இருக்குதுடான்றான். மூக்குல டியூபு வேற. தூ! எந்த அப்பன்யா இப்படிப் பேசறான்? சனிக்கிழம பெலிக்ஸ் வர்றான். நானு பஸ் ஸ்டாப்புல போய் நிக்கணும். இன்னாப்பா இங்க நிக்கறன்னுவான், பால் வாங்க வந்தன்டான்னு சொல்லிட்டா போவுது. அத எவனாவது படம் எடுக்கறானா, சொல்லு பாப்போம். நாறப் பசங்க. இப்ப பாதிதான் பாத்திருக்கன். மீதிய நாளைக்குப் பாத்துட்டுத் துப்பறன்."

பெலிக்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒவ்வொரு வாட்டியும் அங்கதான் நிப்பாரு. பால் வாங்க வந்தன்னுதான் சொல்லுவாரு" என்றான்.

"வூட்ல ரெண்டு மாடு கட்டியிருக்குது," என்றார் அண்ணி. "பாலு இன்னாத்துக்குடா வாங்கறது?"

அவன் அழுதான். அந்த வயலினுக்குப் பந்தல் அழுதது போல இல்லை இது, சத்தமாக, அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதான். அண்ணி போய் டிவியை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். விசில் இப்போது பழையபடி அதே ஆணியில் தொங்குகிறது.

அதைக் கேட்டு வாங்க எனக்கு உரிமை இல்லை. என்னிடம் தங்கியது அவர் பார்க்காமல் விட்ட அந்த மீதிப் பாதிதான். போன ஞாயிறு வீட்டில் உட்கார்ந்து அதைத் தனியாகப் பார்த்து முடித்தேன். அந்த அப்பன் சாகவில்லை மாஸ்டர். டியூபைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடிவந்து மகன் கல்யாணத்தில் ஆடுகிறான். மேலே பூ கொட்டுகிறது. முதல் பாதியைவிட மோசம். ஊதி நிறுத்த ஆளில்லாமல் கடைசி எழுத்துவரை தங்கு தடையில்லாமல் ஓடியது.

தெருவில் பார்க்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையெல்லாம் இப்போது எப்படிப் போகிறது சார் என்று கேட்கிறார்கள். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நாறுகிறது.