முக்கால் கிலோவும் நூறு கிராமும்

மனக்கணக்கில் என்னை அடிக்க இந்தக் கல்கத்தாவில் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த நினைப்புதான் என் மகளின் ஒரு வருடத்தைத் தின்றது, அதனால் சொல்கிறேன். லேக் கார்டன்ஸில் இருக்கும் எங்கள் பலகாரக் கடையில் இன்றைக்கும் கால்குலேட்டர் கிடையாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் வந்து, மாமா கடையில் தராசுக்குப் பக்கத்திலேயே நின்று பழகிய மூளை இது. தட்டில் சேவு விழுந்து அடங்குவதற்குள் விலையைச் சொல்லிவிடுவேன். வங்காளிகள் வாயைப் பிளப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

இப்பேர்ப்பட்டவனுக்குப் பிறந்த பெண், எட்டாம் வகுப்பு முதல் பரீட்சையில் எண்பதுக்குப் பதினான்கு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். பள்ளியில் கூப்பிட்டு இங்கிலீஷில் மரியாதையாகச் சொன்னார்கள்: வருடக் கடைசிப் பரீட்சையிலும் கணக்கில் தோற்றால் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். அந்தப் பள்ளியில் இடம் வாங்க நான் எத்தனை பேர் வாசலில் காத்துக் கிடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"ட்யூஷன் வெக்காம என்ன செய்யுதிய? இந்த ஊர்ல ட்யூஷன் போவாத புள்ள எது இருக்கு?" என்றாள் என் மனைவி.

உண்மைதான். இந்த ஊரில் பிள்ளைக்குப் பால் பல் விழுவதற்குள் ட்யூஷன் வைத்துவிடுவார்கள். நானும் தேடினேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கேட்ட தொகைக்குக் கடையையே எழுதிக் கொடுத்துவிடலாம். ஒரு கோச்சிங் சென்டரில் ஒரே அறைக்குள் நாற்பது பிள்ளைகள், வாத்தியார் மைக் பிடித்துப் பேசினார். கடைசியில் கடைக்கு வரும் ஒரு வங்காளி அம்மாள்தான் பெஹாலாவிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பிவைத்தார். எம்.எஸ்ஸி. கணக்கு படிக்கிறாளாம். அவளுடைய அப்பா வேலை பார்த்த ஹவுரா பட்டறையை மூடிவிட்டார்களாம்.

பட்டறை மூடிய விஷயத்தைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஒல்லியான பெண். தோளில் துணிப்பை. வாரம் மூன்று நாள், மாதம் இரண்டாயிரம் என்றாள். வங்காளிகள் பெண் டீச்சரைக் கூப்பிடுவது போலவே நானும் 'தீதிமணி' என்று கூப்பிட்டு, கடையில் பழகிய என் வங்க மொழியில் கேட்டேன்:

"கிலோ முந்நூத்தி அறுபது. முக்கால் கிலோவும் நூறு கிராமும். எவ்வளவு ஆச்சு?"

அவள் ஒரு நொடி விழித்தாள். பிறகு பைக்குள் கையை விட்டுப் பேனாவைத் தேடினாள். அவ்வளவுதான், எனக்குப் பிடிகொடுத்துவிட்டாள்.

"முந்நூத்தி ஆறு!" என்று மேஜையைத் தட்டினேன். "என்ன தீதிமணி, எம்.எஸ்ஸி.ங்கிறீங்க, கணக்கு டீச்சருக்கே கணக்கு வரலியே!"

கதவோரம் நின்றிருந்த என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினான்கு மார்க் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்தச் சூட்டோடு சூடாகப் பேரத்தையும் முடித்தேன். ஆயிரத்து இருநூறு. சாயங்காலம் இரண்டு வடையும் காபியும் கிடைக்கும், அதுவும் சம்பளத்தில் சேர்த்திதான் என்றேன். இந்த ஊரில் வீட்டுக்கு வரும் ட்யூஷன் டீச்சருக்குப் பலகாரமும் டீயும் கொடுப்பது வழக்கம். அதைச் சம்பளத்தில் கழித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி காகு," என்றாள். காகு என்றால் சித்தப்பா.

கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் பாடம். எல்லாம் எனக்குக் கேட்கும். பாவி, நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒரே கணக்கை நான்கு விதமாகச் சொல்வாள், குரல் ஏறாது. துர்கா பூஜைக்கு முந்தைய அரையாண்டுப் பரீட்சையில் என் மகள் நாற்பத்தொன்று வாங்கினாள்.

"யாரு ரத்தம்!" என்றேன் நான். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லாததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவள் உள்ளே போவதென்றால் கடை வழியாகத்தான் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் அவளை நிறுத்துவேன். "வாங்க தீதிமணி, கால் கிலோ தட்டை, ஒன்றரைக் கிலோ மிக்சர், எவ்வளவு?" நின்றுகொண்டிருக்கும் வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிக்கப் பார்ப்பாள். உதடு மட்டும் ஒரு பக்கமாக இழுக்கும்.

"ஏன் இப்படிப் பேசுதிய? அந்தப் புள்ள மொகத்தப் பாத்தியளா? பச்சப்புள்ள மாதிரி சுருங்கிப் போவுது," என்று மனைவி சண்டைக்கு வந்தாள்.

"தமாஷுக்குச் சொல்லுததுக்கு என்னத்த மொகம் சுருங்குது? நீ போயி மாவப் பாரு."

"நம்ம புள்ளயும் உங்கள மாதிரியே ஆரம்பிச்சிட்டா. அந்தப் புள்ள ஒரு எடத்துல அடிச்சுத் திருத்தி எழுதினா, இவ 'ச்சு'ங்குதா."

"எம் மவல்லா!" என்று சொல்லிச் சிரித்தேன். சத்தியமாக, சந்தோஷத்தில்தான் சிரித்தேன். என்னை அறைந்தால்கூடத் தகும்.

துர்கா பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது கடையில் தள்ளமுடியாத கூட்டம். பாடம் நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர் எட்டு வகைப் பலகாரம் வாங்கிவிட்டு, "உங்க மனக்கணக்கைக் காட்டுங்க," என்றார். எனக்குக் கிறுக்குப் பிடித்தது. "இன்னைக்கு எம்.எஸ்ஸி. போடட்டும்," என்று உள்ளே குரல் கொடுத்தேன். அவள் வந்தாள். வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாத பெண். எட்டு விலையையும் எட்டு எடையையும் கடகடவென்று சொன்னேன், எழுதக்கூட நேரம் கொடுக்கவில்லை. நாலாவதிலேயே விட்டுவிட்டாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தொகையைச் சொன்னேன், இரண்டு பேர் கைதட்டினார்கள். அவள் உள்ளே போய் மிச்சமிருந்த அரைமணி நேரப் பாடத்தையும் முடித்துவிட்டுத்தான் போனாள். வடையும் காபியும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

பூஜை முடிந்ததும் போனில் செய்தி வந்தது. மன்னிக்கணும் காகு, எனக்கு நேரம் இல்லை.

"போனாப் போறா. பெஹாலாவுல பொண்ணுங்களுக்கா பஞ்சம்?" என்றேன்.

பஞ்சம்தான். வந்தவர்கள் எல்லோரும் இரண்டு மடங்கு கேட்டார்கள். சரி, நானே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறந்தால் எக்ஸ், ஒய். எடையும் இல்லை, விலையும் இல்லை. கேட்டால் மைனஸும் மைனஸும் சேர்ந்து பிளஸ் என்கிறது. எனக்கு ஒரு மண்ணும் ஏறவில்லை. ஏறவில்லை என்று ஒத்துக்கொள்ள வாய் வருமா? "எரும, எரும" என்று மகளைத்தான் திட்டினேன். ஜனவரியில் பள்ளி வைத்த மாதிரிப் பரீட்சையில் பதினொன்று வாங்கினாள். கடைசிப் பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அரைக்கிலோ மைசூர்பாகைக் கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பெஹாலாவுக்குப் போனேன். சந்துக்குள் சந்து. அந்தப் பெண்ணின் வீட்டு முன்னறையில் பாய் விரித்து எட்டு பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள். பழக்கதோஷம்.

"தப்பு என்னுதுதாம்மா," என்றேன். அவளை 'தீதிமணி' இல்லாமல் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "நீ கேட்டதைத் தர்றேன். இந்தப் புள்ளையைக் கரையேத்திவிடு."

அவள் என் மகளைப் பார்த்தாள். முகம் இளகியது, நான் பார்த்தேன். "புதனும் ஞாயிறும் வரட்டும் காகு. எல்லாரும் தர்றதைத் தந்தாப் போதும்," என்றாள். பிறகு என் மகளிடம் குனிந்து, "வர்றியா? என்கிட்டப் படிக்கிறியா?" என்று கேட்டாள்.

எட்டு பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பதினொன்று மார்க் வாங்கிக்கொண்டு, தெரியாத பிள்ளைகள் முன்னால், மைசூர்பாகும் கையுமாக நிற்கும் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவமானம் பிடுங்கித் தின்றிருக்கும். அதை மறைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். தலையை லேசாகச் சாய்த்து, அசல் என்னைப் போலவே, வங்க மொழியில் கேட்டாள்:

"கிலோ முந்நூத்தி அறுபது, தீதிமணி. முக்கால் கிலோவும் நூறு கிராமும். எவ்வளவு?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். என் மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நானும் சிரிப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"முந்நூற்றாறு," என்றாள் அந்தப் பெண். பேனாவைத் தேடவில்லை. ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை மாதமாக அந்த எண்ணைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். பிறகு என்னைப் பார்த்து, "இவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க காகு," என்று சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்து, பக்கத்துப் பையனின் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் நிமிரவில்லை. மைசூர்பாகை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்தேன்.

மகளை அடிக்கக் கை துடித்தது. எதற்கு அடிப்பது? நான் சொல்லிக்கொடுத்ததில் அவளுக்கு ஒழுங்காக ஏறியது அது ஒன்றுதான். மார்ச்சில் அவள் தோற்றாள். டி.சி. கொடுத்தார்கள். வேறொரு பள்ளியில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி எட்டாம் வகுப்பில் உட்கார்ந்தாள்.

பெஹாலாவிலிருந்து திரும்பிய அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள், பாதி வழியில் கேட்டாள்.

"அப்பா, தீதி சொன்னது கரெக்டா?"

"கரெக்ட்தான்," என்றேன்.