வழக்கே இல்லாத ஸ்டேஷன்

ஆரோக்கியநத்தத்தில் எந்தப் பெண்ணுக்குப் போலீஸ் ஸ்டேஷன் வரை போகிற நிலைமை வந்தாலும், அவள் முதலில் போய் நிற்பது அமலோற்பவமேரி வீட்டு வாசலில்தான். படியேறப் பயப்படுகிறவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவது அமலோற்பவத்தின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. கணவர் இறந்த புதிதில், முந்திரித் தோப்பு ஓரத்து வீட்டில் தனியாளாக இருந்தவளின் கதவைக் குடிகாரன் ஒருவன் உடைக்கப் பார்த்தான். கூப்பிடு தூரத்தில் ஸ்டேஷன் இருந்ததால் பிழைத்தாள். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தின் மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம்.

அந்த ஸ்டேஷனுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. சண்டை என்று வந்தால் உடனே காகிதத்தைத் தொட மாட்டார்கள். இரண்டு தரப்பையும் வாசலில் இருக்கும் புங்க மரத்தடியில் நிறுத்துவார்கள். அமலோற்பவம் நடுவில் நின்று இருவரையும் வகைதொகையில்லாமல் திட்டுவாள். சூடு இறங்கியதும், எதிரே இருக்கிற அந்தோணியார் கெபியில், அந்தச் சின்னச் சுருபக் கோயிலில், இருவரும் சேர்ந்து ஒரு மெழுகுத்திரி ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் விவகாரம் முடிந்தது. கெபிக்குள் மெழுகு உருகி மேடுதட்டிக் கிடந்தது, ஸ்டேஷன் பதிவேட்டில் ஈயாடியது. எங்கள் ஊரில் வழக்கே கிடையாது என்று சம்பந்தம் பேச வருகிறவர்களிடம்கூடப் பீற்றிக்கொள்வார்கள்.

அந்தப் பீற்றல்தான் வினையாக வந்து முடிந்தது. ஒருநாள் காலையில் எஸ்.ஐ. மலர்க்கொடி அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஸ்டேஷனை மூடிவிட்டு டவுன் ஸ்டேஷனோடு சேர்க்கப் போகிறார்களாம். வழக்கே வராத இடத்தில் போலீசுக்கு என்ன வேலை என்று மேலே கேட்கிறார்களாம். வெள்ளிக்கிழமை டி.எஸ்.பி. நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு எழுதப் போகிறார்.

அமலோற்பவம் விடவில்லை. டவுனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கடைசி பஸ் போன பிறகு அடிபட்டவள் எங்கே போவாள்? இத்தனை வருஷம் நடந்த சண்டையெல்லாம் சண்டையில்லையா என்று எஸ்.ஐ.யிடமே மல்லுக்கு நின்றாள்.

மலர்க்கொடி பொறுமையாகச் சொன்னார்: "மெழுகுத்திரியெல்லாம் கணக்குல வராதும்மா. நடந்தத நடந்தபடி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. ஆனா பொய்ப் புகார் வந்துச்சுன்னா, குடுத்தவங்களத்தான் மொதல்ல உள்ள வைப்பேன்."

அவ்வளவுதான், ஊர் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அமலோற்பவம் தெருத் தெருவாகப் போய் முழுங்கி வைத்ததையெல்லாம் கக்கச் சொன்னாள். புங்க மரத்தடியில் பெஞ்சு வந்தது. ஊரிலேயே அழகான கையெழுத்துக்காரர் என்று அவளுடைய தம்பி செபஸ்டின் வாத்தியாரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ரிட்டயர் ஆன பிறகு அந்த மனுஷனுக்கு இப்படியொரு மவுசு வந்ததில்லை. காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா என்று உற்சாகமாக எழுதித் தள்ளினார்.

மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போனான் என்று ராஜேஷ் மேல் மரிய ஆல்பர்ட் புகார் கொடுத்தான். அவனைப் பைக்கில் ஏற்றி வந்ததே ராஜேஷ்தான். இறக்கிவிட்டவன், மரிய ஆல்பர்ட்டின் மாடு தன் சோளத்தை மேய்ந்ததை எழுத அதே வரிசையில் நின்றுகொண்டான். டீயும் வடையும் வந்தபடி இருந்தன. தேர்த் திருவிழாவுக்குக்கூட ஊர் இப்படி ஒற்றுமையாக இருந்ததில்லை. அமலோற்பவத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது. டி.எஸ்.பி.யின் ஜீப் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்த நேரத்தில், வேலியோரம் சுகன்யா மேரி நிற்பதை அமலோற்பவம் பார்த்தாள். புருஷன் அடித்து அந்தப் பெண்ணின் கை வீங்கியிருந்தது. வா, எழுது என்று இழுத்தாள். சுகன்யா நகரவில்லை.

"எல்லாரையும் எழுதச் சொல்றீங்க. ஒங்க எல்லைக்கல்லப் பத்தி நீங்க எழுதுனீங்களா அத்தை?"

அமலோற்பவத்துக்குச் சுருக்கென்றது. ஊருக்கே தெரிந்த விஷயம் அது. அப்பா அவளுக்கென்று கொடுத்த முந்திரி மரங்களில் ஒரு வரிசை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பியின் பக்கம் போய்விட்டது. மரம் நடக்குமா என்ன, எல்லைக்கல்தான் நடந்தது. தம்பி கொட்டை பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே, வாயைத் திறந்தால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று சும்மா இருந்தாள். ஊராருக்கெல்லாம் நியாயம் பேசியவள், தன் முறை வந்தபோது பயந்துபோனாள். அது வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேல் கோபமாக வந்தது.

விறுவிறுவென்று நடந்து தம்பியின் எதிரே உட்கார்ந்தாள்.

"எழுது தம்பி."

செபஸ்டின் சிரித்துக்கொண்டே புதுத் தாளை எடுத்தார். யார் மேலக்கா என்று கேட்டார்.

"எதிரி பேரு, செபஸ்டின்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் அக்காவின் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் சுற்றிலும் அவரிடம் படித்த பிள்ளைகள் நின்றார்கள். குனிந்து எழுதினார். அந்த அழகான கையெழுத்து முதல் முறையாகக் கோணிக்கொண்டு போனது.

"தகப்பன் பேரு?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"ஞானப்பிரகாசம்," என்றாள். "எனக்குப் புருஷன் பேரு போடாத. எனக்கும் அதே பேரையே போடு. மரம் அவரு குடுத்ததுதான?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும்தான். ஆனாலும் கல் எங்கே இருந்தது, எங்கே போனது என்று ஒன்று விடாமல் சொல்லி எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவள் எழுந்த இடத்தில் சுகன்யா மேரி வந்து உட்கார்ந்தாள்.

டி.எஸ்.பி. எல்லாப் புகாரையும் படித்தார். அமலோற்பவத்தின் தாளை மட்டும் இரண்டாம் முறை படித்துவிட்டு, இந்த எதிரி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்.

"கூடப் பொறந்த தம்பிங்க சார். அவருதான் எழுதிக் குடுத்தாரு."

அவர் எல்லாவற்றையும் பதியச் சொன்னார். கிளம்பும்போது, ஸ்டேஷன் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதப் போவதாக மலர்க்கொடியிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் யாரோ கோயில் மணியை அடித்தே விட்டார்கள். பையன்கள் சரவெடி வைத்தார்கள். சுகன்யாவின் புருஷனைக் கூட்டிவர ஏட்டு அப்போதே வண்டியை எடுத்தார்.

பொழுது சாய்கிற நேரம் அமலோற்பவம் புகாருக்குக் கொடுத்த ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். கெபி முன்னால் செபஸ்டின் தனியாக நின்றிருந்தார். கையில் மெழுகுத்திரியும் தீப்பெட்டியும் இருந்தன.

"ஏத்திடுவோமாக்கா?"

தம்பியின் தோளில் கை வைத்தாள்.

"ஏத்தலாம்டா. மொதல்ல போயி, கல்ல இருந்த எடத்துல நட்டுட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்."