அம்மன் கிரீடத்தில் சென்ட் போத்தல் மூடி

எழுதிப் பழகாத கை, மறதியும் கூட. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு அட்டனிலிருந்து வெறும் போத்தல் வாங்க ஒருவர் வருவார். தோளிலுள்ள சாக்கைவிட ஒல்லியான ஆள். எந்தப் போத்தலையும் கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார், மண்ணெண்ணெய்ப் போத்தலைக்கூட. பழைய சென்ட் போத்தல்களை மட்டும் விற்காமல் வீட்டில் சேர்த்துவைப்பார்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணி, சீமைக்குப் போகும்போது எறிந்துவிட்டுப் போன நீலச் சென்ட் போத்தலை அவரிடம் கொடுத்தேன்.

"மூடி எங்க தங்கச்சி?"

"வைரமாட்டம் மின்னுச்சுங்க. மாரியம்மன் கிரீடத்துல வச்சிட்டோம்."

"ஐயய்யோ! அந்தக் காலத்துல மூடியத் தேச்சுத் தேச்சு அந்தந்தப் போத்தலுக்கே பொருத்துவாங்க. வேற மூடி சேராது. கழட்டித் தாங்களேன்."

"அம்மாகிட்டயே கேட்டுக்கங்க."

அதன்பிறகு வரும்போதெல்லாம் கோயில் வாசலில் நின்று, "என்னம்மா, மனசு எறங்குச்சா?" என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம்.

ஒரு திருவிழாவன்று அவரே அந்தப் போத்தலைக் கொண்டுவந்தார். கடைசியாக ஒருமுறை முகர்ந்துவிட்டு அம்மன் காலடியில் வைத்தார்.

"மூடி வராதுன்னா போத்தல் வரட்டும். ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கட்டும்."

போத்தல் நீலமா பச்சையா என்று இப்போது எனக்கே சந்தேகம். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டும் இன்னும் சேர்ந்துதான் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.